நிறுத்திய மூன்றாம் நாள்: கருத்தடை மாத்திரைகளும் மாதவிடாய்த் தேதியும்

முகூர்த்தம் குறிக்கும்போதே பெண்ணின் தேதியையும் பார்த்துக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் மண்டபம் கிடைக்கிற நாள் ஒன்று, உடம்பின் கணக்கு வேறொன்று. இரண்டும் மோதினால் அடுத்து மருந்துக் கடைதான். "அண்ணே, தள்ளிப்போற மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்று அத்தையோ சித்தியோ வாங்கி வந்து பெண்ணின் கையில் கொடுத்துவிடுவார். அதே கடையில் இன்னொருத்தி மாலா-டி என்ற தினசரிக் கருத்தடை மாத்திரையை வாங்குவாள். மூன்றாவதாக ஒருத்தி, கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, அவசரக் கருத்தடை மாத்திரை இருக்கிறதா என்று கேட்பாள்.

மூன்றும் ஹார்மோன் மாத்திரைகள்தான். மூன்றுமே மாதவிடாய்த் தேதியை மாற்றும். ஆனால் மாற்றுகிற விதம் மூன்றுக்கும் வேறு. "மாத்திரை போட்டேன், தேதி குழம்பிப்போச்சு" என்று ஒருத்தி சொன்னால், எந்த மாத்திரை, எந்த நாளில் தொடங்கினாய், எப்போது நிறுத்தினாய் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. இதில் நிறுத்திய நாள்தான் முக்கியமான கேள்வி. பெரும்பாலானவர்கள் தொடங்கிய நாளையே நினைவில் வைத்திருப்பார்கள்.

காரணம் புரிய, மாத்திரையே போடாத உடம்பிலிருந்து தொடங்க வேண்டும். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி, சினைப்பையில் ஒரு கருமுட்டையை வளர்க்கிறது. வளரும் முட்டைப்பை ஈஸ்ட்ரோஜெனைச் சுரக்க, கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. ஈஸ்ட்ரோஜென் ஓரளவைத் தாண்டியதும் பிட்யூட்டரி எல்.எச். என்ற இன்னொரு ஹார்மோனை ஒரேயடியாகக் கொட்டுகிறது. சுமார் ஒன்றரை நாளில் முட்டை வெளியேறுகிறது. அது விட்டுச்சென்ற பை மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறி புரோஜெஸ்ட்டிரோனைச் சுரந்து, தடித்த உட்சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தச் சுரப்பிக்கு ஆயுள் ஏறக்குறைய 14 நாள். கரு தங்கவில்லை என்றால் அது வாடும், புரோஜெஸ்ட்டிரோன் சரியும், கால் பிடுங்கிய பந்தல் மாதிரி உட்சுவர் சரிந்து இறங்கும்.

ஆக, இயற்கையான மாதவிடாய் என்பது ஒரு முட்டை வெளியேறி இரண்டு வாரம் கழித்து நடப்பது. இந்தப் பின்பாதி பெரிதாக மாறுவதில்லை. மாறுவது முட்டை வளர்கிற முன்பாதிதான். பரீட்சைப் பதற்றம், காய்ச்சல், திடீரென உடல் எடை குறைவது எல்லாம் முட்டை வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். அதனால் தேதி தள்ளிப்போகும். முட்டை ஏற்கெனவே வெளியேறிவிட்டது என்றால் அதற்குப் பின் வருகிற பதற்றத்தால் தேதி அவ்வளவாக அசையாது. அவசர மாத்திரையைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி தேவைப்படும்.

அட்டைக்குள் இருக்கும் நாள்காட்டி

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என், கடைகளில் குறைந்த விலைக்கு விற்கும் மாலா-டி, இலங்கையில் பலருக்கும் தெரிந்த மிதுரி ஆகிய மூன்றும் அடிப்படையில் ஒரே கலவைதான். ஒரு மாத்திரையில் 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், 0.03 மில்லிகிராம் எதினைல் எஸ்ட்ரடையால். முன்னது புரோஜெஸ்ட்டிரோன் போல நடந்துகொள்வது, பின்னது ஈஸ்ட்ரோஜெனின் செயற்கை வடிவம். அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றில் 21-இல் மட்டும்தான் ஹார்மோன். வேறு நிறத்தில் இருக்கும் கடைசி 7 வெறும் இரும்புச்சத்து.

தினமும் ஒரே அளவில் இரண்டு ஹார்மோனும் உள்ளே போவதால் பிட்யூட்டரி சும்மா இருந்துவிடுகிறது. முட்டை முற்றுவதில்லை, எல்.எச். கொட்டுவதில்லை, எதுவும் வெளியேறுவதில்லை. உட்சுவரும் மெலிதாகவே வளர்கிறது. 21-ஆவது மாத்திரைக்குப் பிறகு ஹார்மோன் நின்றதும் அந்த மெலிந்த சுவர் சரிகிறது. பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இரத்தம் தெரியும். மருத்துவர்கள் இதை விலகல் இரத்தப்போக்கு என்பார்கள். பார்வைக்கு மாதவிடாய் மாதிரியே இருந்தாலும் இதற்கு முன்னால் முட்டை எதுவும் வெளியேறியிருக்காது. சுவர் மெலிது என்பதால் போக்கும் குறைவு. வலியைக் கிளப்பும் புரோஸ்டகிளாண்டின்களும் குறைவாகவே சுரப்பதால், மாதாமாதம் சுருண்டு படுத்தவர்களில் பலருக்கு மாத்திரை தொடங்கிய பிறகு வலி அடங்குகிறது.

இப்போது தேதிக் கணக்கைப் பார்க்கலாம். மாதவிடாயின் முதல் நாளே மாத்திரையைத் தொடங்கினால் 21-ஆம் நாள் ஹார்மோன் முடிகிறது. 23 அல்லது 24-ஆம் நாளே அடுத்த போக்கு வந்துவிடும். "மாத்திரை போட்டதும் சீக்கிரமா வந்துடுச்சு" என்று முதல் மாதம் பலர் பயப்படுவது இதனால்தான். ஐந்தாம் நாள் தொடங்கினால் 25-ஆம் நாள் ஹார்மோன் முடிந்து, வழக்கமான 28-ஐ ஒட்டியே வரும். இரண்டாம் அட்டையிலிருந்து இந்த வித்தியாசம் மறைந்துபோகும். அட்டை 28 நாளுக்கு ஒன்று என்பதால் போக்கும் 28 நாளுக்கு ஒருமுறைதான். 40 நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவளுக்கும் 28, 24 நாளில் வந்துகொண்டிருந்தவளுக்கும் 28. ஞாயிற்றுக்கிழமை தொடங்கியவருக்குக் கடைசி ஹார்மோன் மாத்திரை சனிக்கிழமை முடியும். போக்கு பெரும்பாலும் திங்களுக்கும் புதனுக்கும் இடையில் தொடங்கும். வார இறுதியில் ஊருக்குப் போகிறவர்களுக்கு இது வசதி.

அந்த ஏழு நாள் எதற்கு?

இப்படி ஒரு செயற்கையான மாதவிடாயை யார், ஏன் வைத்தார்கள் என்பது மாத்திரையின் வரலாற்றிலேயே சுவையான பகுதி. 1950-களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஜான் ராக் என்ற மகப்பேறு மருத்துவர், குழந்தை இல்லாத பெண்களுக்கு இடைவிடாமல் ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார். சினைப்பைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துப் பிறகு விட்டால் கரு தங்கும் என்பது அவர் எண்ணம். மாதவிடாய் நின்றது, மார்பு கனத்தது, குமட்டியது. பிள்ளைக்காக ஏங்கிக் கொண்டிருந்த அந்தப் பெண்களில் சிலர் கர்ப்பம் என்றே நம்பிவிட்டார்கள். இல்லை என்று தெரிந்தபோது அவர்கள் நொறுங்கிப்போனதைச் சொல்ல வேண்டியதில்லை. ராக்குடன் சேர்ந்து ஆய்வு செய்த கிரெகரி பின்கஸ் ஒரு யோசனை சொன்னார்: மாதத்தில் 20 நாள் மட்டும் கொடுத்து நிறுத்தலாம், போக்கு வரட்டும், பெண்களும் குழம்ப மாட்டார்கள்.

ராக் தீவிரக் கத்தோலிக்கர். மாதாமாதம் போக்கு வருவது போல அமைந்தால் மாத்திரை இயற்கையோடு ஒத்துப்போவதாகத் தோன்றும், திருச்சபையும் ஏற்கும் என்று அவர் நம்பினார். 1968-இல் போப் ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை மறுத்து மடல் வெளியிட்டபோது அந்த நம்பிக்கை பொய்த்தது. போப்பைத் திருப்திப்படுத்தவே ஏழு நாள் இடைவெளி வைத்தார்கள் என்று இணையத்தில் சுற்றுகிற கதை, பாதி உண்மையை முழுதாக்கிச் சொல்வது. பெண்களின் பதற்றத்தைத் தணிப்பதும் அதில் அதே அளவு முக்கியமாக இருந்தது.

1956-இல் புவேர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பெண்களிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். அன்றைய மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் புரோஜெஸ்டின், அதாவது புரோஜெஸ்ட்டிரோன் போல நடந்துகொள்ளும் செயற்கை மருந்து, இருந்தது. இன்றைய மாலா-என்னில் இருப்பது 0.15. வேறு வேறு மருந்துகள் என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாதுதான், ஆனாலும் அந்தப் பெண்கள் பட்ட தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் இந்த அளவு ஒரு காரணம். அவர்கள் சொன்ன உபாதைகளைப் பின்கஸ் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது மாத்திரையின் வரலாற்றில் அழியாத கறை. எனோவிட் என்ற அந்த மாத்திரைக்கு 1957-இல் அமெரிக்கா முதலில் கொடுத்த அனுமதி, மாதவிடாய்க் கோளாறுகளைச் சரிசெய்ய. கருத்தடைக்கான அனுமதி 1960-இல்தான் வந்தது. தேதியைச் சரிசெய்யும் மருந்தாகத்தான் உலகின் முதல் கருத்தடை மாத்திரை கடைக்கு வந்தது.

நாள் அச்சிட்ட அட்டைக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டேவிட் வாக்னர் என்பவருக்கு, மனைவி அன்று மாத்திரை போட்டாரா இல்லையா என்ற சந்தேகம் தினமும் வரும். வீட்டிலேயே ஒரு வட்டமான டப்பாவைச் செய்தார். 1963-இல் ஒரு மருந்து நிறுவனம் அதே மாதிரியான டப்பாவில் மாத்திரையை விற்கத் தொடங்கியது. இன்று அட்டையில் அம்புக்குறி போட்டு வழிகாட்டும் முறையெல்லாம் அதன் வாரிசுதான்.

சரி, அந்த இடைவெளி உடம்புக்குத் தேவையா? தேவையில்லை. பிரிட்டனில் பாலியல், இனப்பெருக்க நல மருத்துவர்களின் அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஏழு நாள் இடைவெளியால் உடல்நலத்துக்கு நன்மை எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் போக்கு வரும்படி 84 நாள் ஹார்மோன் கொண்ட சீசனேல் என்ற மாத்திரை அமெரிக்காவில் 2003-லேயே வந்துவிட்டது. "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமே" என்று நம்மூரில் கேட்பார்கள். மாத்திரை போடும்போது தங்குவதற்கு அங்கே எதுவும் சேர்வதில்லை. சுவரே வளரவில்லை. ஆனால் இந்தியச் சூழலில் அந்த ஏழு இரும்பு மாத்திரைகளை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்.

ஏற்கெனவே மாலா-என் போல ஒரே அளவு ஹார்மோன் உள்ள மாத்திரையைப் போட்டுவருகிற பெண், திருவிழாவுக்கோ பயணத்துக்கோ தேதியைத் தள்ளிப்போட வேறு எதுவும் வாங்க வேண்டாம். இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் ஹார்மோன் மாத்திரையை மறுநாளே தொடங்கினால் போதும். நிறுத்துகிற நாள்வரை போக்கு தள்ளிப்போகும். நடுவில் கொஞ்சம் கறை படலாம், அவ்வளவுதான்.

கறையும் மறதியும்

முதல் இரண்டு மூன்று அட்டைகளில் நடுநடுவே திட்டுத் திட்டாக இரத்தம் தெரிவது சகஜம். மெலிந்த சுவர் புதிய அளவுக்குப் பழகும்வரை அப்படித்தான் இருக்கும். ஈஸ்ட்ரோஜென் 0.02 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்ட மாத்திரைகளில் இது கூடுதல். பலர் இதைப் பார்த்து "நமக்கு ஒத்துக்கலை" என்று முதல் மாதமே விட்டுவிடுகிறார்கள். விட்டதும் மூன்றாம் நாள் ஒழுங்காகப் போக்கு வர, மாத்திரைதான் கெடுத்தது என்ற முடிவு உறுதியாகிவிடுகிறது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது திடீரெனக் கறை வந்தால் முதலில் யோசிக்க வேண்டியது மறந்த மாத்திரையை. ஒரு மாத்திரை மறந்தால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் போடலாம், ஒரே நாளில் இரண்டானாலும் பாதகமில்லை. இரண்டோ அதற்கு மேலோ மறந்தால் நினைவு வந்ததும் ஒன்றைப் போட்டுத் தொடர வேண்டும், அடுத்த ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். இந்த மறதி மூன்றாம் வாரத்தில் நடந்திருந்தால் இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேராக அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். முதல் வாரத்தில் நடந்து, அந்த நாட்களில் உறவும் இருந்திருந்தால் அவசர மாத்திரை பற்றி மருத்துவரையோ கிராம சுகாதார செவிலியரையோ உடனே கேட்க வேண்டும்.

மிகவும் ஆபத்தான மறதி அட்டையின் நடுவில் நடப்பதல்ல, அடுத்த அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதுதான். ஹார்மோன் இல்லாத ஏழு நாளில் பிட்யூட்டரி விழித்துக்கொண்டு முட்டைப்பைகளை வளர்க்கத் தொடங்கியிருக்கும். எட்டாம் நாள் ஹார்மோன் வந்தால் மறுபடி அடங்கும். ஒன்பது, பத்து, பதினொன்று என்று இழுத்தால் ஒரு முட்டை வெளியேறிவிடலாம். "ஊர்லேர்ந்து வந்து வாங்கிக்கலாம்னு இருந்தேன்" என்கிற கதைகளில் பல கர்ப்பத்தில் முடிவது இப்படித்தான்.

மறக்காமல் போட்டும் கறை வருகிறது என்றால் வேறு மருந்துகளைப் பார்க்க வேண்டும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன் ஆகியவை கல்லீரலை வேகப்படுத்தி ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும். கறை இங்கே முதல் எச்சரிக்கை. இந்த மருந்துகள் எடுப்பவர்கள் மாத்திரையை நம்பி இருக்கக் கூடாது. சளிக்கும் தொண்டைக்கும் தரும் சாதாரண ஆன்டிபயாட்டிக்கால் அப்படி ஆவதில்லை.

மறதியே இல்லாமல் போட்டும் இரும்பு வாரத்தில் போக்கு வரவில்லை என்றால், பெரும்பாலும் சுவர் அவ்வளவு மெலிந்துவிட்டது என்றே பொருள். ஆனாலும் இரண்டு அட்டைகள் தொடர்ந்து வராவிட்டாலோ, நடுவில் மறந்திருந்தாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

தள்ளிப்போடும் மாத்திரை

இப்போது அத்தை வாங்கிவந்த அட்டைக்கு வரலாம். அதில் இருப்பது நோர்எதிஸ்டெரோன், 5 மில்லிகிராம். 1951 அக்டோபரில் மெக்சிகோ நகரத்தில் சின்டெக்ஸ் என்ற நிறுவனத்தின் ஆய்வகத்தில், கார்ல் ஜெராசியின் குழுவில் இருந்த லூயிஸ் மிராமோன்டஸ் என்ற மாணவர் உருவாக்கிய மருந்து. மூலப்பொருள் மெக்சிகோவின் காட்டுக் கிழங்கு ஒன்று. பிறகு கருத்தடை மாத்திரைகளில் பெரிய இடம் பிடித்த அதே மருந்துதான், ஆடி மாதக் கூழ் ஊற்றலுக்கும் கும்பாபிஷேகத்துக்கும் புதுமனைப் புகுவிழாவுக்கும் நம் கடைகளில் விற்பனையாகிறது.

வழக்கமான முறை, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, நாளுக்கு மூன்று வேளை. நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் போக்கு வரும். உடம்பின் சொந்தப் புரோஜெஸ்ட்டிரோன் சரியும் நேரத்தில் வெளியிலிருந்து அதே தாங்கலைக் கொடுப்பதுதான் சூட்சுமம். அதனால்தான் கடைசி நேரத்தில் வேலை செய்வதில்லை. வயிறு வலித்துக் கறை தெரிந்த பிறகு வாங்கிப் போட்டுவிட்டு "இந்த கம்பெனி சரியில்லை" என்பதில் பயனில்லை. சுவர் அதற்குள் சரியத் தொடங்கிவிட்டது. தேதியே ஒழுங்கில்லாதவர்களுக்கும் இது குருட்டுக் கணக்குதான், மூன்று நாள் முன்பு என்பது எதற்கு முன்பு என்று தெரியாதே.

இரண்டு விஷயங்களை யாரும் சொல்வதில்லை. ஒன்று, இப்படிப் போடுவது கருத்தடை ஆகாது. புதுமணப் பெண் "மாத்திரை போட்டுட்டுதான் இருக்கேன்" என்று நம்பியிருந்தால் ஏமாறுவாள். முட்டை இரண்டு வாரத்துக்கு முன்பே வெளியேறியிருக்கும். இன்னொன்று, அளவு. நோர்எதிஸ்டெரோன் மட்டுமே உள்ள கருத்தடை மாத்திரை ஒன்றில் 0.35 மில்லிகிராம்தான் இருக்கும். தள்ளிப்போட எடுப்பது நாளுக்கு 15 மில்லிகிராம், அதைப் போல 40 மடங்குக்கும் மேல். இந்த அளவில் அதன் ஒரு சிறு பகுதி உடம்புக்குள்ளேயே எதினைல் எஸ்ட்ரடையாலாக மாறுகிறது. அதாவது ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரையை யார் போடக் கூடாதோ அவர்கள் இதையும் கவனமாக அணுக வேண்டும்: காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், கண்ணில் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்து பிறகு ஒற்றைத்தலைவலி வருபவர்கள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், புகைக்கும் 35 வயதைத் தாண்டிய பெண்கள், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள்.

இரத்தம் உறையும் அபாயம் எவ்வளவு என்பதையும் அளவோடு சொல்ல வேண்டும். ஐரோப்பிய மருந்துக் கண்காணிப்பு அமைப்பின் கணக்குப்படி, ஹார்மோன் எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு சுமார் 2 பேருக்கு இப்படி ஆகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள கலவை மாத்திரை எடுப்போரில் 5 முதல் 7 பேர், டிரோஸ்பைரினோன் என்ற வேறொரு புரோஜெஸ்டின் உள்ளவற்றில் 9 முதல் 12. கர்ப்பகாலத்திலும் பிரசவத்தை அடுத்த வாரங்களிலும் அபாயம் இவற்றைவிடக் கூடுதல். பயந்து ஓட வேண்டிய எண்கள் அல்ல. ஆனால் தள்ளிப்போடும் மாத்திரையைப் பலர் எடுப்பதே வேனிலும் பேருந்திலும் மணிக்கணக்கில் உட்கார்ந்து போகிற கோயில் பயணத்துக்காக. அசையாமல் உட்காருவது தனியாகவே உறைவுக்கு வழி. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கோயிலுக்கு அந்த நாளில் போகலாமா கூடாதா என்பது அந்தந்தப் பெண்ணின் முடிவு, அதில் நான் நுழையவில்லை. ஆனால் விழுங்கப் போகிறவளிடம் "உனக்குத் தலைவலி உண்டா, பிரஷர் உண்டா" என்று ஒருவரும் கேட்காமல் மாத்திரை கைமாறுவது சரியில்லை. மருத்துவரைக் கேட்டு வாங்க வேண்டிய மருந்து இது. சீக்கிரம் வரவழைக்கப் பப்பாளி, எள்ளு, கருப்பட்டி சாப்பிடும் வழக்கமும் உண்டு. தேதி நெருங்கும்போது சாப்பிட்டால் தேதியில் வரத்தான் செய்யும். அந்தப் பெயரை எள்ளுருண்டை தட்டிக்கொண்டு போகிறது.

அவசர மாத்திரையும் மற்றவையும்

அவசரக் கருத்தடை மாத்திரையில் 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், அதாவது மாலா-என்னின் பத்து மாத்திரையில் இருப்பது, ஒரே வேளையில். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவதே இதன் வேலை. ஏற்கெனவே தங்கிய கருவை இது கலைக்காது. மத்திய அரசு 2005-லேயே சீட்டில்லாமல் வாங்க அனுமதித்தும், தமிழ்நாட்டின் பல கடைகளில் இதை வைப்பதில்லை. 72 மணி நேரக் கணக்கில் கடை கடையாக அலைவதற்கே பாதி போய்விடுகிறது.

தேதியைப் பொறுத்தவரை, சுழற்சியின் தொடக்கத்தில் போட்டால் அடுத்த மாதவிடாய் சில நாள் முந்தலாம். முட்டை வெளியேறும் நாட்களை ஒட்டியோ அதற்குப் பின்போ போட்டால் பிந்தலாம். பெரும்பாலோருக்கு எதிர்பார்த்த தேதியிலிருந்து ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். போட்ட சில நாளில் கறை மட்டும் வந்தால் அதை மாதவிடாய் என்று எண்ணி நிம்மதியாகிவிடக் கூடாது. தேதி தாண்டி ஏழு நாளாகியும் வரவில்லை என்றால் பரிசோதனை தேவை. மாதம் இரண்டு மூன்று முறை இதையே நம்புகிறவர்களின் தேதி எந்தக் கணக்குக்கும் அடங்காமல் போகும். தினசரி மாத்திரை அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

அரசு நிலையங்களில் 2016 முதல் சாயா என்ற பெயரில் தரப்படும் மாத்திரை முற்றிலும் வேறு வகை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமான், 1991-இல் சஹேலி என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இது ஸ்டீராய்டு ஹார்மோனே இல்லை. மாதவிடாயின் முதல் நாள் தொடங்கி, மூன்று மாதம் வாரத்துக்கு இருமுறை, பிறகு வாரத்துக்கு ஒருமுறை. ஞாயிறு தொடங்கினால் ஞாயிறும் புதனும், நான்காம் மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். முட்டை வெளியேறுவதை இது பொதுவாகத் தடுப்பதில்லை. கரு பதியும் நேரத்துக்குச் சுவர் தயாராகாதபடி பார்த்துக்கொள்கிறது. அதனால் இங்கே அட்டை தேதியைத் தீர்மானிப்பதில்லை. தொடக்க மாதங்களில் சிலருக்குத் தேதி தள்ளும், போக்கு குறையும். 15 நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பமா என்று பார்க்கச் சொல்கிறார்கள். பாலூட்டும் தாய்மார்களும் இதை எடுக்கலாம். ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரையோ பாலூட்டும் முதல் ஆறு மாதத்துக்குப் பொதுவாக உகந்ததில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியில், முதலில் ஒழுங்கற்ற கறையும் ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மாதவிடாயே நின்றுபோவதும் இயல்பு.

சரியாகிவிட்டதா?

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெரும்பாலும் பிரசவத்தோடு செய்துவிடும் அறுவை சிகிச்சைதான். ஆகவே இங்கே பல இளம்பெண்கள் கருத்தடை மாத்திரையை முதலில் சந்திப்பது கருத்தடைக்காக அல்ல, பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்காக. மூன்று மாதம், ஆறு மாதம் என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பார். மாதம் தவறாமல் வரும். "பீரியட்ஸ் சரியாயிடுச்சு" என்று நிறுத்துவார்கள். இரண்டு மாதத்தில் பழைய கதை. மாத்திரை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றும்.

மாத்திரை அப்படி ஒரு வாக்குறுதியைக் கொடுக்கவே இல்லை. மாதாமாதம் வந்தது அட்டையின் மாதவிடாய். சினைப்பை அந்த ஆறு மாதமும் தூங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் எதற்குக் கொடுக்கிறார்கள்? முட்டை வெளியேறாத உடம்பில் ஈஸ்ட்ரோஜென் மட்டும் சுவரைத் தடிக்க வைத்துக்கொண்டே போகும், புரோஜெஸ்ட்டிரோன் வந்து அடக்குவதில்லை. ஆண்டுக்கணக்கில் இப்படியே விட்டால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது போக்கு வர வேண்டும் என்கிறார்கள். மாத்திரை இந்தக் காவலைச் செய்கிறது, முகப்பருவையும் தேவையற்ற முடி வளர்ச்சியையும் குறைக்கிறது. சினைப்பையின் பழக்கத்தை மாற்றுவது உடல் எடையும் உணவும் நடையும் சார்ந்த தனி வேலை. எழுதிக் கொடுக்கும்போதே இதை இரண்டு நிமிடம் விளக்கினால் பல பெண்கள் மருத்துவமனை மருத்துவமனையாக மாற வேண்டியிருக்காது.

ஒழுங்காக மாதவிடாய் வந்துகொண்டிருந்தவர்கள் மாத்திரையை விட்டால், முதல் விலகல் போக்குக்குப் பிறகு, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் சொந்த மாதவிடாய் திரும்பும். மூன்று மாதமாகியும் இல்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்தரா ஊசியை விட்டவர்களுக்கு இன்னும் சில மாதம் கூடுதலாகும். மாத்திரை வருடக்கணக்கில் போட்டால் பிள்ளை பிறக்காது என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. சொல்லப்போனால், முதல் சொந்த மாதவிடாயைப் பார்ப்பதற்கு முன்பே முட்டை வெளியேறிவிடும் என்பதால், ஒருமுறைகூட வராமலே கர்ப்பம் தரித்துவிட முடியும்.

அப்படி ஆனவர்களிடம் மகப்பேறு மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே "கடைசியாக எப்போது வந்தது?" என்பதுதான். பிரசவத் தேதிக் கணக்கு அந்த நாளிலிருந்து தொடங்கி, 14-ஆம் நாளை ஒட்டி முட்டை வெளியேறியிருக்கும் என்று வைத்துக்கொண்டு 40 வாரம் எண்ணுகிறது. கடைசியாக வந்தது அட்டை முடிந்த பின் வந்த போக்கு என்றால் அந்தக் கணக்கு வாரக்கணக்கில் பிசகலாம். மாத்திரை நிறுத்திய தேதியை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்துதான் அவர்கள் தேதியை உறுதி செய்வார்கள்.